அறுத்த கயிறு

குடும்பத்தோடு உலாப் போகவென்று பெலவேந்திரன் வாங்கிய மோட்டார் படகு அது. விலைக்குக் கேட்டு வந்த சகாயம் எல்லாம் பார்த்துவிட்டு, முன்பக்கம் கிடந்த கயிற்றை எடுத்தான். நுனி கத்தியால் அறுபட்டிருந்தது.

“நங்கூரம் எங்க அண்ணாச்சி?”

அவர் காயலின் நடுவே கை காட்டினார்.

“அடியில மாட்டிக்கிட்டு. அத எடுத்துவிடத்தான் எம் மவன் குதிச்சான். இருட்டுற வரைக்கும் பாத்துட்டு, நான்தான் அறுத்தேன்.”

சகாயம் கயிற்றை மெதுவாகக் கீழே வைத்தான்.

“புது நங்கூரம் உள்ள இருக்கு. அந்த எடத்துல மட்டும் ஒரு நிமிசம் எஞ்சின நிறுத்திருங்க தம்பி.”

படகு கிளம்பியது. நடுக்காயலில் சத்தம் நின்றது. நீரோட்டத்தில் பாசித் திட்டுகள் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நங்கூரம் போடாத படகு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.