மூடியில் தேய்ந்த தேதி

பாட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

மூடியில் தேதி அச்சடித்திருந்தது. மாதம் தெரிந்தது. வருடத்தின் கடைசி எண் மட்டும் தேய்ந்திருந்தது.

தானாகத் தேயுமா?

மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பேக் செய்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பயன்படுத்துவது சிறந்தது என்று லேபிளில் இருந்தது. மூடியைச் சாய்த்தாள். வெளிச்சத்தில் அந்த எண் நிழல்போலத் தெரிந்தது.

கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

சமையல்கட்டில் பால் காயும் வாசம். அங்கே நிற்பது முப்புடாதி, கணவனின் தங்கை. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய மதினியைப் பார்க்கக் காலை பஸ்ஸில் வந்திருந்தாள். கொஞ்சம் ஆப்பிள், ஒரு ரொட்டி பாக்கெட், இந்தச் சத்துபானப் பவுடர் பாட்டில்.

ஆப்பிள் புதிது. ரொட்டியின் தேதியை அவள் முதலிலேயே பார்த்துவிட்டாள். அதுவும் புதிது.

இது மட்டும் ஏன்?

மூடியை முகர்ந்தாள். ஊதுபத்தி வாசம். எந்தக் கடைக்காரன் எந்த மூலையில் போட்டு வைத்திருந்தானோ. சும்மா கொடுத்திருப்பான். எண்ணைத் தேய்த்தது அவனா, இவளா?

மகள் சடங்குக்கு முப்புடாதி வைத்த சேலை நினைவுக்கு வந்தது. மடிப்பெல்லாம் பழுத்திருந்தது. யாரோ முப்புடாதிக்கு வைத்த சேலை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறக்கவுமில்லை.

இந்தத் தேதி தாண்டினால் விஷமாகிவிடாது, ருசியும் மணமும் குறையலாம், அவ்வளவுதான் என்று மகன் ஒருமுறை விளக்கியிருந்தான். இருக்கட்டும். குறைந்ததைத்தான் எனக்குக் கொண்டுவர வேண்டுமா?

சாயங்காலம் அவர் வரட்டும். உங்கள் தங்கச்சியின் சீரைப் பாருங்கள் என்று கையில் கொடுத்துவிட வேண்டும்.

"இன்னும் பிரிக்கலியா மதினி? கண்ணாடியப் போட்டுப் படிச்சுக்கிட்டே இருக்கீக. பரிச்சையா எழுதப் போறீக?"

சமையல்கட்டிலிருந்து சிரிப்பு வந்தது.

அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

லேபிளின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அரக்கு நிறம்.

எதை மறைக்க?

நகத்தால் விளிம்பை நெம்பினாள். அடியில் விலைச் சீட்டின் கிழிந்த துண்டு.

கை நின்றது.

அன்று இந்தப் பாட்டிலோடு அவள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ. விலையோடு கொடுக்கக் கூடாதென்று வழியெல்லாம் சுரண்டியும் சீட்டு முழுதாக வரவில்லை. கடைசியில் தன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினாள்.

கட்டிலில் முப்புடாதியின் வீட்டுக்காரர். பாட்டிலை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் குடிக்கிறேன் அக்கா என்றார்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை.

நெம்பிய விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். நன்றாக ஒட்டும்வரை அழுத்தினாள்.

அப்படியானால் இது யாருடையதென்று தெரிந்துதான் கொண்டுவந்தாளா? திருப்பித் தருகிறாளா? இல்லை, அலமாரியில் கிடந்ததைத் தூக்கி வந்துவிட்டாளா?

முப்புடாதி ஒரு தம்ளரோடு வந்தாள்.

"அதக் குடுங்க. பால் ஆறுது."

வாங்கினாள். திறக்கவில்லை. முந்தானையை எடுத்துத் துடைத்தாள். முதலில் மூடி. தேதியின் மேல் துணி இரண்டு சுற்றுப் போனது. பிறகு கழுத்து. பிறகு லேபிள்.

பாட்டிலில் தூசியே இல்லை.

முப்புடாதியின் கண் ஜன்னலுக்கு வெளியே எங்கோ இருந்தது. கை மட்டும் பழக்கத்தில் துடைத்தது. பொட்டு இருக்கும் இடம் வந்ததும் துணி தானாக உயர்ந்து, அதைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது.

துடைத்து முடித்து, மூடியில் கை வைத்தாள்.

திருகவில்லை. அப்படியே நின்றாள்.

பால் ஏடு கட்டியது.

இவள் படுக்கையில் மெல்ல நிமிர்ந்தாள். தையல் இழுத்தது. பாட்டிலைத் தன் கைக்கு வாங்கி, மூடியைத் திருகி, உள்ளே ஒட்டியிருந்த தாளை உரித்தாள். பவுடர் கட்டி தட்டியிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தினாள். உடையவில்லை. இன்னும் அழுத்திக் குத்தினாள்.

"இன்னொரு தம்ளர் கொண்டா" என்றாள்.