வெட்டிய விளிம்பு

வனக்காவலர் நீட்டிய காகித உறைக்குள் ஐந்து இலைகள் இருந்தன. ஏதோ காட்டுச்செடி.

"இன்னிக்குக் காலைல பறிச்சதுங்க மேடம். அந்தப் பள்ளத்துல எல்லாச் செடியிலயும் இதே புள்ளிதான்."

பயிர்நோய் ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக இலைப்புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவள் அவள். முதல் இலையை வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் சாம்பல், சுற்றிலும் கருஞ்சிவப்பு வளையம், அதற்கு வெளியே மெல்லிய மஞ்சள்.

இலையைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தாள்.

'இருக்காது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புள்ளியைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தாள்.

சவுக்குபோல் நீண்ட பூஞ்சை வித்துகள். ஒவ்வொன்றின் நுனியும் தூண்டில் முள்ளாக வளைந்திருந்தது.

அதே பூஞ்சைதான். இதற்கு முன் அதைக் காட்டிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒருவர். இதே ஆய்வகத்தில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன்.

எட்டு வருடத்துக்கு முன் மறுபடியும் காட்டுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. தேடாத இடமில்லை. அம்மா இன்னமும் மாதம் ஒருமுறை அண்ணனின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுகிறாள்.

மற்ற நான்கு இலைகளையும் மேசையில் பரப்பினாள்.

ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சதுரம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. பாதி புள்ளி, பாதி பச்சை. பூஞ்சையை வளர்த்துப் பார்க்க எல்லோரும் அப்படித்தான் வெட்டுவார்கள். ஆனால் ஒரு மூலையை மட்டும் சாய்த்து வெட்டுவது அண்ணனின் பழக்கம். வேறு யாரும் அப்படி வெட்டி அவள் பார்த்ததில்லை.

வெட்டிய விளிம்பு இன்னும் பழுப்பேறவில்லை.

"இத நீங்க வெட்டினீங்களா?"

"நான் எதுக்குங்க வெட்டப்போறேன்? செடியிலயே அப்படித்தான் இருந்துச்சு. முழங்கால் வரைக்கும் சேறு, மேடம். என் காலடி தவிர வேற ஒரு தடம்கூட இல்ல."

காவலர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். நோயின் பெயரை எழுத வேண்டும். எழுதினால் நாளையே ஒரு குழு அந்தப் பள்ளத்தில் இறங்கும்.

'சாதாரண இலைப்புள்ளி. மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பூஞ்சையை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் கண்டுபிடித்தவர் என்று இருந்தது ஒரே ஒரு பெயர். அவளுடையது.

அதைப் படித்த மறுநாள்தான் அண்ணன் காட்டுக்குப் போனார்.