மூன்று மணி நேரம் லாபம்

"பயப்படாதம்மா, சாருக்கு ஒண்ணும் ஆவல. முட்டியிலதான் லேசா அடி, கட்டுப் போட்டாச்சு."

ஷரஃபுதீன் வாசலிலேயே நின்று சொன்னார். பேங்கில் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டு அவர். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா சுப்பராமன் நொண்டியபடி உள்ளே வந்தார். பேன்ட் கிழிந்திருந்தது. மகள் மஹதி ஓடிப்போய் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா ஆச்சு?"

"அடையாறு பாலத்துல ஒரு செகண்டு கண்ணை அசத்திடுத்து. ஸ்கூட்டர் சாஞ்சுடுத்து. பெரிசு பண்ணாதே, குடிக்க ஜலம் கொண்டா."

கண் அசந்ததாம்! மஹதிக்கு இருந்த பயமெல்லாம் கோபமாக மாறியது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன துண்டுத் தூக்கத்தால் வந்த வினை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் சாப்பிடும்போது அப்பா திடீரென்று அறிவித்தார்.

"மொத்தமாத் தூங்கறவன் அசடு. ஒரு பத்திரிகையில போட்டிருக்கான். தூக்கத்தைத் துண்டு துண்டா வெட்டித் தூங்கினா ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் லாபம். பேங்க்ல கம்ப்யூட்டர் வரப்போறது. ஆபீசர் பரீட்சை பாஸ் பண்ணாதவாளை ஓரங்கட்டிடுவா. நீயும் கணக்குப் பரீட்சை திரும்ப எழுதணும். ரெண்டு பேருமாப் படிப்போமே!"

ப்ளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டவளுக்கு அப்போது அது ஆறுதலாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் அவருக்கு முதல் துண்டு. ஊர் படுக்கும் நேரத்தில் எழுந்து, கூடத்தில் வாசற்கதவை ஒட்டி மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாற்காலியின் முதுகு கதவில் உரசும். "இங்கேதான் காத்து வரது" என்பார். சாத்திய கதவில் என்ன காற்றோ! விடிவதற்குள் அம்மா காமாக்ஷி எழுந்து வந்து, "நான் எழுந்தாச்சு, நீங்க படுத்துக்கோங்கோ" என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது துண்டு.

மாடி வீட்டுக்காரருக்கு இது நல்ல வேடிக்கை. "சுப்பராமன் சார் இருக்கச்சே நம்ம ஃப்ளாட்டுக்கு வாட்ச்மேன் எதுக்கு?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மஹதியால் சிரிக்க முடியவில்லை. அப்பாவின் கண்கள் குழிவிழுந்துவிட்டன. போன வாரம் மோர் சாதத்தைப் பிசைந்தபடியே தூங்கிப்போனார். இன்றைக்குப் பாலம். பின்னால் ஒரு பஸ் வந்திருந்தால்?

"நீங்களாவது சொல்லுங்கோ அங்கிள்" என்றாள் ஷரஃபுதீனிடம். "உயிரை விட அந்தப் பரீட்சை பெரிசா? நீங்க சொன்னா கேப்பார்."

"எந்தப் பரீட்சைம்மா?"

"அதான், ஆபீசர் பரீட்சை."

ஷரஃபுதீன் சிரித்துவிட்டார். "அதை சார் எப்பவோ பாஸ் பண்ணிட்டாரே! நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே எழுதினோம். ரிசல்ட் வந்த அன்னிக்கு லஸ்ல எனக்கு டிபன் வாங்கிக் குடுத்தார். நீ அப்போ சின்னப் பொண்ணு."

காபி டம்ளரை நீட்டிய அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்பா சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று ஷரஃபுதீனுக்குப் புரிந்துவிட்டது. ஆற்றாமலே காபியைக் குடித்துவிட்டு, "உடம்பைப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிக் கிளம்பினார்.

கதவு சாத்தப்படும்வரை மஹதி பொறுத்திருந்தாள்.

"எதுக்குப்பா பொய் சொன்னேள்?"

"எனக்கு அசதியா இருக்கு. கொஞ்சம் படுத்துக்கறேன்."

"அவளண்ட சொல்லிடுங்கோ" என்றாள் அம்மா மெல்ல.

"நீ சும்மா இரு, காமு."

மஹதி விடவில்லை. "ராத்திரியெல்லாம் முழிச்சுண்டு என்னதான் பண்ணினேள்?"

"உக்காந்துண்டிருந்தேன்."

"வெறுமனேயா?"

"வெறுமனேதான்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட முட்டியின் மேல் வலிக்காமல் கையை வைத்தாள்.

"காரணம் எதுவா வேணா இருக்கட்டும். இன்னிக்கு ராத்திரி நீங்க முழுசாத் தூங்கணும். உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நாங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவோம்? கொஞ்சமாவது நினைச்சுப் பாத்தேளா?"

சுப்பராமன் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். இத்தனை நாள் காட்டிய சிரிப்பையெல்லாம் காணவில்லை. கண்கள் நிறைந்துவிட்டன.

"முழுத் தூக்கம் ஒரு தடவை தூங்கிப் பாத்துட்டேன்டி கொழந்தே" என்றார். "உன் ரிசல்ட் வந்த அன்னிக்கு ராத்திரி, இந்தக் கதவைத் திறந்துண்டு போய் நீ கடல்ல இறங்கினியே, மீன் பிடிக்கறவா உன்னைத் தூக்கிண்டு வந்து பெல் அடிக்கற வரைக்கும் நான் நன்னாத் தூங்கிண்டுதான் இருந்தேன்."