அரைத்த நீலம்

செங்கோடன் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பட்டாம்பூச்சி இருந்தது. இறந்துபோன அவருடைய மகள் மழைக்காட்டிலிருந்து எடுத்து வந்தது. உதிர்ந்துவிடும் முன் அதை வரைந்து தரவேண்டும். ஓவியர் சுகிர்தா தன்னிடமிருந்த நீலங்களையெல்லாம் கலந்து பார்த்தாள். எதுவும் அந்த நீலம் ஆகவில்லை. சிறகைச் சற்றுச் சாய்த்தால் அது பச்சையாகி அணைந்தது, நிமிர்த்தினால் மறுபடி எரிந்தது. கடைசியில் பொறுமையிழந்து ஒரு சிறகின் செதில்களைச் சுரண்டி, சாயம் எடுப்பதுபோல் கல்லில் அரைத்தாள். காப்பிப்பொடி நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள்தான் மிஞ்சியது.

அவர் வந்தபோது எதையும் மறைக்காமல் அந்தத் தூளை அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

"நீலம் எங்கீங்க அம்மிணி?"

"அது சாயமே இல்லீங்கய்யா. செதில்ல வெளிச்சம் பட்டுத் திரும்புறதுதான் நீலமாத் தெரியுதாம். அரைச்சதுக்கு அப்புறந்தான் படிச்சேன். அந்தச் செதிலையே நொறுக்கிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. ஒரு விரலால் தூளை மெல்ல விலக்கிப் பார்த்தார்.

"சாம்பல் அள்ளுன அன்னிக்கும் இப்படித்தானுங்க தேடுனேன்."

பெட்டியை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனார். மிச்சமிருந்த சிறகை வெயிலில் சாய்த்தார், நிமிர்த்தினார். நீலம் போனது, வந்தது.

"படத்துக்கு என்ன பண்ணட்டுங்கய்யா?" என்றாள் சுகிர்தா.

அவர் திரும்பவில்லை.

"கொஞ்சம் இருங்க அம்மிணி. இப்பத்தான் வந்திருக்கா."