கொடுத்தது போக
ஆவுடையம்மாளைத் தகனம் செய்துவிட்டு வந்த அவள் மகன் மந்திரம், ஈர வேட்டியோடு சுவரோரம் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப்போனபோது, “எனக்கு ஒண்ணு போதும், புள்ளைக்கு எடுங்க” என்று தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவள். பிறகு அவனுக்குப் பிறந்த மகளையும் இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தாள். காலையிலிருந்து அவன் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. மனைவி கெஞ்சிப் பார்த்தாள். “எனக்கு எதுவும் எறங்காது, விடு” என்றான். மகள் சுடர் ஒரு செம்பைத் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள். “உங்களுக்கு வேண்டாம்னா இருக்கட்டும்ப்பா. உங்களுக்குள்ள ஆச்சி இருக்காங்கல்லா, அவங்களுக்குத் தாகமா இருக்கும்.” மந்திரம் செம்பை இரண்டு கைகளாலும் வாங்கினான். ஒரு சொட்டுச் சிந்தாமல் மெதுவாகக் குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் கொண்டாம்மா” என்றான்.