பாதி மின்சாரம்

ஒரு படகின் அடித்தட்டில் ஒரு பம்பும் ஒரு டிரான்ஸ்பார்மரும் குடியிருந்தன. அடிப்பலகையில் ஒரு விரிசல். அதில் கசியும் தண்ணீரைப் பம்பு விடாமல் இறைத்துக் கொட்டியதால்தான் படகு மிதந்தது. வெளிநாட்டுக் கரைகளில் கிடைக்கும் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்துப் பம்புக்குத் தருவது டிரான்ஸ்பார்மரின் வேலை.

ஒரு துறைமுகத்தில், கரையிலிருந்து மின்சாரம் கொண்டுவந்த கேபிள் பம்பிடம் பேச்சுக் கொடுத்தது.

"நான் தர்றது இருநூற்று இருபது வோல்ட், தம்பி. இந்தக் குண்டன் உனக்கு நூற்றுப்பத்துதான் தர்றான். மிச்சம் எங்கே போகுதுன்னு என்னைக்காவது கேட்டியா?"

பம்புக்குச் சுருக்கென்றது. ஊர் ஊராக இவனை நம்பியா வந்தோம் என்று மனம் வெந்தது.

"மிச்சம்னு எதுவும் இல்லைப்பா. உன் உடம்பு தாங்குறது அவ்வளவுதான்," என்றது டிரான்ஸ்பார்மர்.

"என் உடம்பு எனக்குத் தெரியாதா, அண்ணே?"

பம்பு தன் வயரை உருவி, நேராகக் கேபிளிலேயே செருகிக்கொண்டது. அப்படியொரு வேகத்தை அது கண்டதே இல்லை. தண்ணீர் வாரி வாரி வெளியே போனது. இத்தனை காலமும் தன் பலம் தனக்கே தெரியாமல் போயிற்றே என்று பம்பு நினைத்தது. அந்த நினைப்பு முடிவதற்குள் உள்ளே ஏதோ கருகியது. சுழற்சி நின்றது.

விரிசலில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, பழையபடி பாதியே கொடுங்க. போதும்," என்று பம்பு கெஞ்சியது.

"கொடுக்கத் தயாராத்தான் இருக்கேன். வாங்கிக்க உனக்குள்ளே கம்பி மிஞ்சலையே," என்றது டிரான்ஸ்பார்மர்.

தண்ணீர் முதலில் பம்பை மூடியது.