தேனில் குழைத்தது

சூரண டப்பாவைத் திறந்ததும் எழுந்த நெடியில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

நேற்றுவரை இதை மருந்து வாசனை என்றுதான் நினைத்திருந்தாள்.

கணவன் கடையில் மூட்டுவலிக்கு விற்கிற சூரணம். மொத்த வியாபாரி மூட்டையில் அனுப்புவான். பொட்டலம் கட்டுவது அவள். கை வலிக்கிறது என்று ஒருநாள் சொல்லப்போக, அன்றிலிருந்து அவளுக்கும் தினம் ஒரு கரண்டி. தேனில் குழைத்து அவனே ஊட்டுவான். தன் விரலில் ஒட்டிய தேனைக் குழந்தை மாதிரி அவளையே நக்கச் சொல்வான்.

வலி பறந்துவிட்டது. முகம் பூசணிக்காயாக ஊதியது.

கடைக்கு வருகிறவர்கள் முன்னால் அவளைக் கூப்பிட்டு நிறுத்துவான்.

“எங்க வீட்டுக்காரியே இதத்தான் சாப்பிடுறா. கன்னத்தப் பாருங்க.”

அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போது அந்தக் கன்னத்தைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

தைராய்டுக்கு அவள் மாத்திரை சாப்பிடுகிறவள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் மாத்திரை அதிகம் என்றே வந்தது. அளவைக் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்க அவளுக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. முடி கொத்தாக வந்தது.

நேற்று புது டாக்டரம்மா ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். வயிற்றில் ஓடிய ஊதா வரிகளைப் பார்த்தார். வேறென்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

நாட்டு மருந்துதான் என்று பெருமையாகச் சொன்னாள்.

அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் அவர். அது தைராய்டைத் தூண்டுகிற சுரப்பை அமுக்கிவிடுமாம். சுரப்பி படுத்துக் கிடந்தாலும் மாத்திரை அதிகம் என்றே ரிப்போர்ட் சொல்லுமாம். அந்தச் சூரணத்தை ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம்.

பஸ்ஸில் வழியெல்லாம் அவள் அவனுக்காக வாதாடிக்கொண்டே வந்தாள். வியாபாரிதான் கலந்திருப்பான். பாவம், இவருக்கென்ன தெரியும்.

இதோ, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு வாரமாக நொண்டுகிறான்.

அவள் தேன் விட்டுக் குழைத்தாள். கரண்டியை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

“எனக்கெதுக்கு இதெல்லாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் கையை இறக்கவில்லை.

தேன் வழிந்து அவன் விரலில் சொட்டியது.

அவன் எழுந்தான். விரலை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, நொண்டி நொண்டி, குழாயடிக்குக் கழுவப் போனான்.